நைட் ஹால்ட்

எங்கள் வீட்டில் டூர் என்று யாராவது பேச்செடுத்தால் நான் எக்செல்லைத் திறந்துவிடுவேன். பன்னிரண்டு வருடமாக சாஃப்ட்வேர் வேலை; கை தானாகப் போகிறது. 2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உக்கடத்து வீட்டு ஹாலில் லேப்டாப்பை டிவியோடு இணைத்து வைத்துக்கொண்டு, ஒன்பது பேர் நான்கு ராத்திரி தங்குவதற்கு ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகள், அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பையன்கள், மாமாவின் அம்மா, அப்புறம் அப்பா.

நிபந்தனை ஒன்றுதான். தினம் ஒரு ஊரில் பெட்டியை அவிழ்த்துக் கட்டுகிற வேலை கூடாது. ஒரே இடத்தில் தங்கணும், காலையில் கிளம்பி நாலு இடம் பார்த்துவிட்டு ராத்திரி அதே கட்டிலுக்குத் திரும்பணும். குழந்தைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகும்போது இதுதான் சரி. தினசரி இடம் மாறினால் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் பெட்டி கட்டுவதிலும், பாத்ரூம் எங்கே என்று தேடுவதிலும், குழந்தையின் இன்னொரு செருப்பைத் தேடுவதிலும் போய்விடும்.

ஷீட்டில் ஆறு ஊர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறை, மூணாறு. ஒவ்வொன்றுக்கும் உயரம், தூரம், பயண நேரம், அறை வாடகை, வியூ, சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, ரேட்டிங் என்று ஏழு பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வெயிட்டேஜ். கடைசிப் பத்தியில் மொத்த மதிப்பெண்.

கோத்தகிரி முதலிடத்தில் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். அங்கே தங்கினால் ஒரு பக்கம் குன்னூர், இன்னொரு பக்கம் ஊட்டி, மறுபக்கம் கோடநாடு. எதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஊட்டியில் தங்கினால் சீசன் கூட்டத்துக்கு நடுவில்தான் விடியும். குன்னூரில் அறை கிடைப்பது கஷ்டம். கோத்தகிரி ஒரு முக்கோணத்தின் நல்ல முனை. அந்த வருட ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று இ-பாஸுக்கு வரம்பு வைத்திருந்தார்கள். அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்து மதிப்பெண் குறைத்தேன். அப்படியும் கோத்தகிரிதான் முன்னால் நின்றது.

அப்பா ஜன்னல் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கிற மாதிரி இருந்தார் என்றுதான் சொல்லணும். அரை மணி நேரமாக ஒரே பக்கம். நான் வீட்டின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோத்தகிரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவின் விளிம்பில் ஒரு பங்களா. பால்கனியில் நின்றால் கீழே மேகம். பையன்கள் கத்தினார்கள்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, பகல்ல அங்க யாரு இருப்பா?"

"வாட்ச்மேன் இருப்பாருங்கப்பா. கேமராகூட இருக்கு."

"அதக் கேக்கல கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

எனக்கு அப்போது புரியவில்லை. அன்று ராத்திரி, மகளைத் தூங்க வைத்துவிட்டு இருட்டில் படுத்திருந்தபோதுதான் புரிந்தது. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

*

2019 மே மாதம் ஊட்டிக்குப் போயிருந்தோம். அப்போது அம்மா இருந்தார்.

அந்த இடத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். இதே ஷீட், இதே ஏழு பத்திகள். ஊரை விட்டு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரிசார்ட். பள்ளத்தாக்கைப் பார்த்த அறைகள். ரேட்டிங் 4.6. வரவேற்பு அறையிலிருந்து எங்கள் அறைக்கு நாற்பத்தி இரண்டு படி இறங்கணும். அந்த எண்ணிக்கை எந்தப் படத்திலும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. முதல் நாள் இறங்கினார். அதோடு சரி. மூன்று நாளில் இரண்டு நாள் அவர் அந்தப் படிகளை ஏறவே இல்லை. நாங்கள் தொட்டபெட்டா போனோம், பைக்காரா போனோம், பொட்டானிக்கல் கார்டனில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அம்மா அறையில் இருந்தார். அப்பாவும் கூட இருந்துகொண்டார். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கி ஹாட்பேக்கில் வைத்துவிட்டுப் போவோம். பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே பள்ளத்தாக்கு. அது அழகான பள்ளத்தாக்குதான். ஆனால் அதில் ஆள் இல்லை, கடை இல்லை, ரோடு இல்லை, பேச ஒரு பக்கத்து வீடு இல்லை. உக்கடத்தில் வாசலில் உட்கார்ந்தால் காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகள், பத்து மணிக்குக் கீரைக்காரம்மா, பன்னிரண்டு மணிக்குப் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வருகிற பிரியாணி வாசம், மூன்று மணிக்கு ஸ்கூல் வேன் என்று அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க ஓடும். அங்கே மேகம் வந்தது, போனது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு, நல்ல குளுகுளுன்னு" என்றார்.

நான் அந்த ரிசார்ட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். வியூவைப் பற்றி நான்கு வரி எழுதினேன்.

அம்மா 2022இல் தவறிப்போனார். மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்து, படத்துக்கு மாலை போட ஒரு நல்ல போட்டோ தேடினோம். ஊட்டி டூர் ஃபோல்டரில் 412 படங்கள். அம்மா ஐந்தில் இருந்தார். மூன்று கிளம்பும்போது எடுத்தது, ஒன்று திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கையில். ஒன்றே ஒன்றுதான் ஊட்டியில் எடுத்தது. அதுவும் பையன்களை எடுக்கப்போய் பின்னால் பால்கனியில் பாதி முகம் விழுந்தது.

அந்த ஐந்து நட்சத்திரம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் தன் அம்மாவை அந்த நாற்பத்தி இரண்டு படி இறக்கிக் கூட்டிப் போயிருப்பார். அதை எழுதியவன் அந்த அறையில் பகலில் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் காலையில் கிளம்பிப் போகிறவர்கள்தானே. இருக்கிறவர்கள் எழுதுவதில்லை. கேட்டால் குளுகுளுவென்று இருந்தது என்பார்கள்.

*

மலைமேல் குடும்பத்தோடு தங்க இடம் தேடுகிற இந்த வேலையை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறார். ஊர்க்காரர் என்றால் கோயம்புத்தூர் கலெக்டர். ஜான் சல்லிவன்.

1819இல் அவர் நீலகிரிக்கு ஏறினார். முதலில் அவர் வீடு கட்டியது ஊட்டியில் இல்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில், கன்னேரிமுக்கில். கோத்தகிரி என்னுடைய ஷீட்டில் மட்டுமல்ல, அவர் கணக்கிலும் முதலில் வந்திருக்கிறது. கன்னேரிமுக்கு வீடு இப்போதும் நினைவில்லமாக இருக்கிறது. பிறகு அவர் மனம் இன்னும் மேலே இருந்த ஊட்டிக்குப் போனது. 1822இல் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போட்டார், ஏரி வெட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, மதராஸ் மாகாணத்தின் கவர்னரும் அலுவலகமும் ஒவ்வொரு கோடைக்கும் ஊட்டிக்கு மூட்டை கட்டி ஏறினார்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது. இன்று நாம் வியூ, குளிர், பங்களா, பால்கனி என்று எதையெல்லாம் மலை விடுமுறை என்று நினைக்கிறோமோ அதன் மாதிரியெல்லாம் அங்கே உருவானதுதான்.

கொடைக்கானலும் கிட்டத்தட்ட இதே கதை. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் நோய்க்குப் பயந்து, குடும்பத்தைக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்க ஓர் இடம் தேடி அங்கே வீடு கட்டினார்கள்.

சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவின் கல்லறை ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 2019இல் அதன் வழியாகத்தான் போனோம். கலெக்டருக்குச் சமவெளியில் ஒரு மாவட்டம் முழுக்க வேலை. அவர் இறங்கி ஏறிக்கொண்டிருந்திருப்பார். ஏரியைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் அவர் பெயரில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் பகல் பதினொரு மணி எப்படி இருந்தது என்று ஹென்ரியட்டாவிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பார்க்கிங் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

அடுத்த நாள் அலுவலக காலில் இன்னொன்று நடந்தது. எங்கள் டீமின் மறுமுனை பிரான்ஸில், துலூஸ் நகரத்தில். அங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். ஜூலையில் இரண்டு வாரம் நான் இருக்கமாட்டேன், எதுவாக இருந்தாலும் அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள் என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, ஒரு கிராமத்தில் வீடு எடுத்திருக்கிறோம் என்றார். தெற்கே, யூஸெஸ் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில். அங்கே கோடையில் இப்படி வீடுகளைப் பெரும்பாலும் சனியிலிருந்து அடுத்த சனி வரைக்கும் வாரக் கணக்கில்தான் விடுவார்கள்.

எனக்கு உடனே முக்கோணம் ஞாபகம் வந்தது. மேப்பைத் திறந்து பார்த்தேன். ரோமானியர்கள் கட்டிய போன் டு கார் பாலம், நீம் நகரம், அவினியோன் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். "நல்ல சென்டர். அதனாலதான் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அதெல்லாம் அப்புறம்தான் பார்த்தோம் என்றார். அவருடைய மாமியாருக்கு எண்பத்தி மூன்று வயது. வீடு தேடும்போது மூன்று கேள்வி மட்டும் கேட்டாராம். கீழ்த்தளத்தில் படுக்கை இருக்கிறதா? ரொட்டிக் கடைக்குக் கிழவி தனியாக நடந்து போய் வர முடியுமா? மதியத்தில் உட்கார முற்றத்தில் நிழல் இருக்கிறதா? "நாங்கள் வெளியே போய்விடுவோம். எங்களுக்கு எந்த வீடும் சரி. நாள் முழுக்க அங்கே இருக்கப் போவது அவர்தான். அப்படியென்றால் அவர்தானே தேர்ந்தெடுக்கணும்?"

மியூட் பொத்தானை அமுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்பா கேட்டதும் அதே கேள்விதான். பகலில் அங்கே யார் இருப்பார்?

அவர்களுக்கு இது எளிதாக வருகிறது என்று பொறாமையாகவும் இருந்தது. அங்கே ஒரு தொழிலாளிக்குக்கூட மூன்று தலைமுறையாக விடுமுறைப் பழக்கம் இருக்கிறது. 1936இல் லெயோன் ப்ளூம் அரசு எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் போட்டது. 1982இல் அது ஐந்து வாரமாகிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து இடம் தேடித் தேடி, எதைக் கேட்கணும் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் விடுமுறைக்கு இடம் தேடிய முதல் ஆள் நான்தான்.

*

அப்பா பஸ் டிரைவர். 1984இல் சேரன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தார். 1997இல் பெயர் மாறி அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பஸ்ஸின் நெற்றியில் எழுத்து மாறியதே தவிர அவருக்கு வழி மாறவில்லை. அதில் பதினோரு வருடம் வால்பாறை வண்டி.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்றது. காகிதத்தில் அவருக்கும் விடுப்பு இருந்தது. அதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்கள் காய்ச்சலுக்கும் போனது. பொங்கல், தீபாவளி, ஆடிப்பெருக்கு, ஸ்கூல் லீவு என்று ஊர் முழுக்க எப்போது விடுமுறையோ அப்போதுதான் அவருக்கு வேலை அதிகம். ஸ்பெஷல் வண்டி, டபுள் டூட்டி. மற்றவர்களின் விடுமுறையை ஓட்டிக்கொண்டு போனவர் அவர்.

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, அப்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாலு மணி நேரம். சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு மலைத் தூரம் புரியாது. கிலோமீட்டரை மறந்துவிடணும், வளைவைத்தான் எண்ணணும் என்பார் அப்பா. ஏறுவதைவிட இறங்குவதில்தான் வேலை. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை நம்பாதே என்று எனக்குக் கார் கற்றுக்கொடுக்கும்போதும் சொன்னார்.

சாயங்காலம் கிளம்புகிற வண்டிக்கு வால்பாறையில் நைட் ஹால்ட். ஒன்பதரைக்கோ பத்துக்கோ போய்ச் சேருவார். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, கண்டக்டர் கலெக்ஷனை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, அடைக்கப் போகிற ஹோட்டலில் கடைசிப் பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குள்ளேயே நீள சீட்டில் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள். விடிவதற்கு முன் முதல் வண்டி. அப்போதும் இருட்டு, பனி. பகலில் போகிற டிரிப் என்றால் அரை மணி நேரம். சாப்பிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றினால் முடிந்தது. சின்ன வயதில் நாங்கள் "அப்பா எங்கே?" என்றால் அம்மா "ஹால்ட்டு" என்பார். வால்பாறை என்றுகூடச் சொல்லமாட்டார். ரொம்ப நாள் ஹால்ட் என்பது ஓர் ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ராத்திரி அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். "நீங்க சொல்லுங்கப்பா, எங்க தங்கலாம்?"

"உங்க இஷ்டம் கண்ணு. எனக்கென்ன, எங்கன்னாலும் ஒண்ணுதான்."

"இல்லீங்கப்பா. பகல்ல நீங்களும் அத்தையும்தான இருக்கப் போறீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஊட்டியைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "வால்பாறையில டவுனுக்குள்ள கெடைக்குமா பாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தால. அந்த ஊர்ல நான் ஆயரம் ராத்திரியாவது படுத்திருப்பேன். வெயிலடிக்கறப்ப சும்மா நின்னு பாத்ததில்ல."

*

ஷீட்டில் வால்பாறை ஐந்தாவது இடத்தில் இருந்தது. நியாயமான காரணங்கள்தான். ஏறினால் இறங்குவதற்கு மனம் வராத தூரம், முக்கோணம் கிடையாது. சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை, கூழாங்கல் ஆறு, சின்னக்கல்லாறு பார்த்துவிட்டால் அடுத்து மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி. போய்வர ஒரு முழு நாள். அதிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றால் வியூ பத்தியில் பூஜ்யம்.

மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உக்கடம் பஸ் ஸ்டாண்டு சத்தத்துல இருந்து தப்பிச்சு வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்கா? எனக்கும் நாலு நாளுதான் லீவு." அவள் சொன்னதிலும் தப்பில்லை. வருடம் முழுக்க இரண்டு வேலை பார்க்கிறவள் அவள். அமைதி வேண்டும் என்று கேட்பது அவள் உரிமை. பால்கனியில் அம்மாவின் பாதி முகம் விழுந்த படத்தை எடுத்துக் காட்டினேன். அவளும் அந்த டூரில் இருந்தவள்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு நாள் காலையில நான் மட்டும் எஸ்டேட் ரோட்டுல தனியா நடந்துட்டு வருவேன். புள்ளய நீ பாத்துக்கணும்" என்றாள். சரி என்றேன்.

போன் போட்டு ஆறு வீடுகளிடம் புதுக் கேள்விகளைக் கேட்டேன். வாசலிலிருந்து கட்டிலுக்கு எத்தனை படி? வெஸ்டர்ன் டாய்லெட் எந்தத் தளத்தில்? வயசானவர்கள் தனியாக நடந்து போய் டீ குடிக்கக் கடை எவ்வளவு தூரம்? நடுவில் ஏத்தம் உண்டா? பகலில் வீட்டுக்காரர்கள் யாராவது இருப்பார்களா? ஒரு இடத்தில் "சார், நீங்க டூருக்குத்தான வர்றீங்க?" என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியை விட்டது. மூன்று படி. பஸ் ஸ்டாண்டுக்கு ஏழு நிமிட நடை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். அதில் ஒரு கொடியில் துணி காயும்.

அப்போது வால்பாறைக்கு இ-பாஸ் கிடையாது. அந்த வருட நவம்பரிலிருந்து அதற்கும் வந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் போனோம். இரண்டு கார். அப்பா என் வண்டியில் முன்சீட்டில். உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போதே "செகண்ட்ல போடு" என்று ஆரம்பித்துவிட்டார். ஆழியாறு தாண்டியதும் அமைதியானார். நாற்பது வளைவையும் அவர் வலது கை மடியில் கிடந்தபடியே லேசாகத் திருப்பிக்கொண்டு வந்தது.

முதல் நாள் நாங்கள் சோலையாறு போனோம். அப்பாவும் அத்தையும் வீட்டில். சாயங்காலம் திரும்பும்போது வயிற்றில் எனக்குப் பழைய பயம். வாசலில் அத்தை வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் இலை எடுக்கப் போகிற பெண்களின் கூலி, யாருடைய மகள் பொள்ளாச்சியில் நர்ஸிங் படிக்கிறாள், யானை வந்தால் செல்போனுக்கு எப்படி மெசேஜ் வருகிறது, எந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் நடக்கக்கூடாது என்று எல்லாம் அத்தைக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அணையைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அத்தை ஊரைப் பார்த்திருந்தார்.

"அண்ணன் எங்கீங்கத்தை போனாரு?" என்று மனைவி மாமனாரைப் பற்றி அத்தையின் பாணியிலேயே கிண்டலாகக் கேட்டாள். "பஸ் ஸ்டாண்டுக்குத்தான். மத்தியானம் சோத்துக்கு வந்துட்டு மறுக்கா போயிட்டாரு" என்றார் அத்தை.

இரண்டாம் நாள் நான் வெளியே போகவில்லை. மற்றவர்கள் புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்கு பார்க்கப் போனார்கள். காலை பதினொரு மணிக்கு அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். டீக்கடை வாசலில் ஒரு பெஞ்ச். முடீஸ் வண்டி வந்தது, சின்கோனா வண்டி போனது. அப்பா ஒவ்வொன்றும் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக அடித்தது. காலைப் பனி முழுக்க விலகி, கடைகளின் தகரக் கூரைகளுக்கு மேலே தேயிலைச் சரிவும் அதற்கு மேலே சோலைக்காடும் வரிசையாகத் தெரிந்தன.

"அந்த மலையப் பாரு தம்பி" என்றார்.

"ம்."

"அதுக்கு நேர் கீழதான் வண்டிய நிறுத்துவேன். இவ்வளவு கிட்டத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. பகல்லயும் வந்திருக்கேன், பாத்திருப்பேன். பாத்த மாதிரியே ஞாபகம் இல்ல."

இன்னொரு டீ சொன்னோம். நான் போனை எடுக்கவில்லை. ஒன்றும் நடக்காத இரண்டு மணி நேரம் அது. அம்மாவுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இப்படி ஒரு பெஞ்ச்தான் என்று தோன்றியது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைத் தேற்றவேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்க விருப்பமில்லை.

நான்காம் நாள் இறங்கினோம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில், காரை ஓரம் கட்டினேன். கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணி மாதிரி கிடந்தது. பையன்கள் ஓடினார்கள். அப்பா மெதுவாக இறங்கி, தடுப்புச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தனக்குள் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்கப்பா?"

"இங்க ஒரு நிமிசம் நிறுத்துங்க டிரைவருன்னு பாசஞ்சருங்க கெஞ்சுவாங்க. பதினோரு வருசம். ஒருக்காகூட நிறுத்துனதில்ல. டைமாச்சு, ஏறு ஏறுன்னு சத்தம் போடுவேன்."

அக்கா போட்டோ எடுக்கக் கூப்பிட்டாள். இந்த முறை மொத்தம் 260 படங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணினேன். அப்பா எழுபத்தி ஒன்றில் இருக்கிறார். அந்த எக்செல்லில் இப்போது முதல் பத்தி, உயரத்துக்கும் முன்னால், 'பகல் 11 மணி' என்று இருக்கிறது. அதற்கு நான் வெயிட்டேஜ் எதுவும் போடவில்லை. அதை நிரப்பாமல் அடுத்த பத்திக்குப் போவதில்லை.

அன்று அந்த வளைவில் மாமா ஹாரன் அடித்து, நேரமாகிறது என்று கை காட்டினார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும்" என்றார். "கொஞ்சம் ஹால்ட்டு."